பந்தம் பிடிக்க வைத்திருந்த பிள்ளைகள்

வாசலில் செருப்பைக் கழற்றி, மூக்கு வெளியே பார்க்க நேராக வைத்துவிட்டு, ஒரு சத்தமும் இல்லாமல் என் குசினிக்குள் வந்து நிற்கிற யோங்ஹோ அம்மாவுக்கு,

நீங்கள் போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. இருந்திருந்தாலும் இந்தக் கடிதத்தை நீங்கள் வாசித்திருக்க மாட்டீர்கள். உங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குக் கொரிய மொழி தெரியாது. இருவருக்கும் சேர்த்துத் தெரிந்த இங்கிலீசையும் அரபியையும் ஒரு தேத்தண்ணிக் கோப்பைக்குள் ஊற்றி வைக்கலாம். அதையும் கையையும் முகத்தையும் வைத்துக்கொண்டுதான் நாங்கள் ஐந்து வருடம் கதைத்தோம். என் சொந்தக்காரரோடு இருபது வருடமாகக் கதைத்ததை விட அது கூட.

இங்கே ஒரு செய்தி. குகனுக்கு அந்தியேட்டி செய்ய நாள் பார்த்துவிட்டார்கள்.

அந்தியேட்டி என்றால் என்ன என்று உங்களுக்குச் சொல்லியிருக்கிறேனா தெரியவில்லை. எங்கள் யாழ்ப்பாணத்தில் ஒருவர் செத்து முப்பத்தோராம் நாள், கீரிமலைக் கடற்கரையில் வைத்துச் செய்கிற கிரியை. அதோடு அவர் எங்களை விட்டுப் போய்விட்டார் என்று அர்த்தம். குகன் என் மூத்த மகன் என்பது உங்களுக்குத் தெரியும். அவன் செத்துவிட்டான் என்று எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்பதும் தெரியும்.

குகனின் தகப்பன், இவர், கதவடியில் நின்றுகொண்டுதான் சொன்னார். உள்ளே வந்து சொல்லக்கூடத் தைரியம் இல்லை.

"அக்கா சொல்லிவிட்டிருக்கிறா. லீவில போய் வந்த செல்வத்தார் இண்டைக்கு சைட்டில வைச்சுச் சொன்னவர். புரட்டாதியில அம்மா செத்து ஒரு வருஷம், ஆட்டத்திவசம் வருது தானே. அதோட சேர்த்து அவன்ரையும்..."

"அவன்ர எது?"

"உமக்கு விளங்கும்."

"விளங்கேல்லை. வாயாலை சொல்லுங்கோ."

தொப்பியைக் கழற்றி அதிலிருந்த சீமெந்துத் தூசியைத் தட்டினார். பேந்து, "ஒரே ஐயர், ஒரே செலவு. இரண்டையும் ஒண்டாச் செய்தால் நல்லது எண்டு அக்கா நினைக்கிறா" என்றார்.

யோங்ஹோ அம்மா, நான் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பிறகு படித்ததெல்லாம் தேவாரப் புத்தகத்திலும், மகளின் பள்ளிப் புத்தகத்திலும், கடைக்காரர் பொதி சுற்றித் தருகிற பேப்பரிலும். ஆனால் இந்த வீட்டின் வரவு செலவை நான் வந்த நாளிலிருந்து ஒரு திர்ஹாம் பிசகாமல் எழுதுகிறேன். சிக்கனம் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. என் பிள்ளையை மாமியாரின் செலவோடு சேர்த்து மலிவாக முடிக்கிற சிக்கனத்தை மட்டும் நான் இன்னும் படிக்கவில்லை.

இதை உங்களிடம்தான் சொல்ல முடியும். வேறு யாருக்குச் சொல்ல? சொன்னவுடனே, "மனசைத் தேற்றுங்கோ" என்பார்கள். நீங்கள் ஒருநாளும் என்னிடம் மனதைத் தேற்றச் சொன்னதில்லை.

நாங்கள் சந்தித்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். ராஸ் அல் கைமாவில், இந்தச் சீமெந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸில், எங்களுக்கு இரண்டு கதவு தள்ளி உங்கள் வீடு. புதுச் சூளை பொருத்த வந்த கொரியாக் கம்பனியில் உங்கள் கணவர் ஃபோர்மன். மற்றக் கொரியர் எல்லோரும் கேம்பில் தனியாக இருக்க, நீங்கள் மட்டும் குடும்பமாக வந்திருந்தீர்கள். நான் கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். என் பெயரைக் கேட்டீர்கள். எங்கள் பக்கத்தில் பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் குறைவு. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லி, இன்னாரின் அம்மா என்போம். அந்தப் பழக்கத்தில் "குகன்ர அம்மா" என்றேன். நீங்கள் சிரித்து, உங்கள் நெஞ்சைத் தொட்டு, "யோங்ஹோ ஒம்மா" என்றீர்கள். அதை எனக்கு யாரும் மொழிபெயர்க்கவில்லை.

உங்களுக்கும் அதே வழக்கம் என்று தெரிந்ததும் எனக்கு அவ்வளவு சந்தோஷம். மற்ற வீட்டு மலையாளத்துப் பெண்களும் கோவாக்காரியும் என்னை வாணியின் அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். அவர்கள் கண்ட பிள்ளை அவள்தானே. யாழ்ப்பாணத்தில் விட்டுவிட்டு வந்த குகனை அவர்கள் காணவில்லை. நீங்களும் காணவில்லை. ஆனால் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை என்னைக் குகனின் பெயரால்தான் கூப்பிட்டீர்கள்.

அந்தச் சந்தோஷத்தில் எனக்கு ஒரு பெரிய பிசகு நடந்தது. யோங்ஹோ எங்கேயோ வேலையில் இருக்கிறான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். இந்த ஊரில் ஒருவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் அதற்கு ஒரே காரணம்தானே, லீவு கிடைக்கவில்லை.

"யோங்ஹோ, லீவு?" என்று கேட்பேன்.

"லீவு மாஃபி" என்பீர்கள். இல்லை என்று.

அடுத்த மாதமும் கேட்பேன். மாஃபி. எனக்குக் கோபம் வரும், அவன் வேலை செய்கிற கம்பனியின் மேல். உங்கள் கணவரிடம் சொல்லி மனேஜரோடு கதைக்கச் சொல்லுங்கோ, பயந்தால் ஒன்றும் நடக்காது என்று கையைக் காலை ஆட்டிப் புத்தி சொன்னேன். ஒரு தீபாவளிக்கு முறுக்குச் சுட்டு, ஒரு டின் நிறைய அடைத்து, "யோங்ஹோ வரேக்கை குடுங்கோ. கன நாளைக்குப் பழுதாகாது" என்று தந்தேன். நீங்கள் இரண்டு கையாலும் வாங்கினீர்கள். தலையைக் குனிந்தீர்கள். அந்த டின்னை வீட்டுக்குக் கொண்டுபோய் நீங்கள் என்ன செய்தீர்கள்? எத்தனையோ முறை கேட்க நினைத்து விட்டுவிட்டேன்.

உண்மை தெரிந்தது நான் புட்டுக்கு மா அரித்துக்கொண்டிருந்த நாள். குகனின் படத்தைக் காட்டி, வருகிற வருடம் அவனுக்குப் பள்ளிக்கூடச் சோதனை, முடிந்ததும் கூப்பிடுவோம் என்கிறார் இவர் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நீங்கள் படத்தைக் கனநேரம் பார்த்தீர்கள். பேந்து மாப் பரப்பியிருந்த என் சுளகை இழுத்து, மாவின் நடுவில் விரலால் ஒரு கோடு கீறினீர்கள். மிளகு டப்பாவைத் திறந்து, கோட்டுக்கு இந்தப் பக்கம் மூன்று மிளகு வைத்தீர்கள். நீங்கள், கணவர், அந்த நாளில் முதுகில் துணியால் கட்டிச் சுமந்த கைக்குழந்தை சுன்ஹீ. அந்தப் பக்கம் ஒரு மிளகு.

"யோங்ஹோ" என்றீர்கள். கோட்டைத் தொட்டு, "ரோட் மாஃபி. கடிதம் மாஃபி. டெலிபோன் மாஃபி. முப்பது வருஷம்."

மிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக, பல நாட்களில் விளங்கிக்கொண்டேன். உங்கள் ஊர் வடக்கே. சண்டை ஊருக்குள் வந்த பனிக்காலத்தில், கப்பல் ஏறித் தெற்கே போக நேர்ந்தது. யோங்ஹோவுக்கு மூன்று வயது. அவனைத் தர உங்கள் மாமியார் மறுத்துவிட்டார். மூத்த ஆண்பிள்ளை வீட்டை விட்டுப் போகக் கூடாது. முன்னோருக்குச் சோறு படைத்து விழுந்து கும்பிட ஒருவன் வேண்டும், எங்களுக்குப் பின்னால் எங்களுக்குச் செய்யவும் அவன் வேண்டும் என்றார். நீங்கள் போய்விட்டு வாருங்கள், சில நாட்களில் எல்லாம் சரியாகிவிடும் என்றும் சொன்னார். நீங்கள் யோங்ஹோவிடம் மூன்று விரலைக் காட்டி, மூன்று இரவு என்று சொல்லிவிட்டு நடந்தீர்கள். அந்த மூன்று விரலை என் குசினியிலும் காட்டினீர்கள்.

அன்றைக்கு நான் புட்டு அவிக்கவில்லை. இவர் வந்து, கடையில் வாங்கி வைத்த பாணைப் பார்த்து, "ஏன் பாண்?" என்று கேட்டார். "மா பழுதாப் போச்சு" என்றேன்.

என் கதையையும் உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் பாதியைத்தான். குகனின் படிப்புக்காக ஊரில் விட்டோம், இங்கே அவனுக்கு ஏற்ற பள்ளிக்கூடம் இல்லை என்று. வெளியில் எல்லோருக்கும் சொன்ன காரணம் அது. வீட்டுக்குள் சொன்ன காரணம் வேறு. எங்கள் வழக்கத்தில் பாட்டன் பாட்டி செத்தால், பேரப்பிள்ளைகள் பிணத்தைச் சுற்றி நின்று தீப்பந்தம் பிடிப்பார்கள். பந்தம் பிடிக்கப் பேரன் இல்லாத சாவு ஒரு சாவா என்று கேட்பார்கள். என் மாமியார் படுக்கையில் இருந்தார். "எனக்குப் பந்தம் பிடிக்க ஒருத்தன் வேணும். மூத்தவனை விட்டிட்டுப் போங்கோ. பெட்டையைக் கொண்டுபோங்கோ" என்றார். மச்சாள், இவரின் அக்கா, ஓமென்று தலையை ஆட்டினா. இவர் நிலத்தைப் பார்த்தார். நான் கெஞ்சினேன். மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தேன். விசா வாணிக்கும் எனக்கும் மட்டும் வந்தது.

ஏன் இதை உங்களுக்குச் சொல்லாமல் விட்டேன்? வெட்கம். உங்களுக்கு அப்படிச் செய்தவர்கள் கொடியவர்கள் என்று நினைத்தேன். என் வீட்டார் என்று வரும்போது நியாயம் தேடினேன். இப்போது தேடவில்லை. அந்தக் கிழவிகள் இருவரும் கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து கதைத்து வைத்ததைப் போலச் செய்திருக்கிறார்கள். உயிரோடு இருந்த இரண்டு பிள்ளைகளையும் செத்தவர்களுக்காக வைத்துக்கொண்டார்கள்.

பேந்து எண்பத்து மூன்று வந்தது. ஆடியில் கொழும்பு எரிந்ததை ரேடியோவில் கேட்டோம். கடிதம் இல்லை. நான் சுவாமித் தட்டுக்கு முன்னாலிருந்து எழும்பாமல் கிடந்த நாட்களில் நீங்கள் வந்து, நல்லூர் முருகன் படத்துக்கு முன்னால் இரண்டு முழங்காலையும் மடித்து, நெற்றி நிலத்தில் முட்ட விழுந்து கும்பிட்டீர்கள். எந்தச் சாமி என்றுகூடக் கேட்கவில்லை. எழும்பியதும் அடுப்பைப் பற்றவைத்து வாணிக்குச் சோறு போட்டீர்கள்.

அதே வருடம்தான் உங்கள் நாட்டு டிவியில் பிரிந்த குடும்பங்களைச் சேர்த்து வைத்தார்கள். யாரோ வீடியோ கசெற்றில் பிடித்து அனுப்ப, கேம்ப் மெஸ்ஸில் போட்டார்கள். என்னையும் கூட்டிப்போனீர்கள். ஆயிரம் கிழவர் கிழவிகள் நெஞ்சில் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கிரேன் ஓட்டுகிற, இரும்பு வெட்டுகிற ஆம்பிளைகள் பிளாஸ்ரிக் கதிரையில் இருந்து விம்மினார்கள். நீங்கள் மட்டும் அழவில்லை. ஒவ்வொரு அட்டையையும் வாசித்துக்கொண்டே இருந்தீர்கள்.

"இதிலை யோங்ஹோ வருவானோ?" என்று கேட்டேன்.

"யோங்ஹோ அந்தப் பக்கம். டிவி இந்தப் பக்கம்" என்றீர்கள்.

"அப்ப ஏன் பாக்கிறீங்கள்?"

கசெற் முடிந்ததும் திரும்பப் போடச் சொன்னீர்கள். அப்போது எனக்கு விளங்கவில்லை. இப்போது நான் வானொலியில் விடுதலையானவர்களின் பெயர் சொன்னால், அது மட்டக்களப்புப் பெயராக இருந்தாலும் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்கிறேன்.

குகனின் செய்தி வந்தது அதற்கு இரண்டு வருடத்துக்குப் பின்னால். சைக்கிளில் ட்யூஷனுக்குப் போனான், திரும்பி வரவில்லை. அவ்வளவுதான். ஆமி ரவுண்டப்பில் பிடித்துக்கொண்டு போனார்கள் என்றார் ஒருவர். தானாக இயக்கத்துக்குப் போனான் என்றார் இன்னொருவர். படகேறி இந்தியாவுக்குப் போயிருப்பான் என்றும் சொன்னார்கள். சைக்கிள் கூடக் கிடைக்கவில்லை.

குவார்ட்டர்ஸில் ஒவ்வொருவராக வந்து ஆறுதல் சொன்னார்கள். "கடவுள் ஒரு பெண்ணையாவது தந்திருக்கிறாரே" என்றாள் ஒருத்தி. வாணி பக்கத்தில் நின்றாள். இவருடைய மேலதிகாரி, மனமிரங்கித்தான், "முடிந்ததை நினைக்காதே, கலாஸ்" என்று முதுகில் தட்டினாராம். அரபியில் தீர்ந்தது என்று அர்த்தம். இந்த ஊரில் சூளை அணைந்தாலும் கலாஸ், கொன்ட்ராக்ட் தீர்ந்தாலும் கலாஸ், பிள்ளை காணாமல் போனாலும் கலாஸ்.

நீங்கள் வந்தது குகனின் பிறந்தநாளன்று. ஒரு மூடிச் சட்டியில் சூப். கடற்பாசி போட்டது. மரக்கறிக்காரிக்கென்று இறைச்சியும் மீனும் போடாமல், நல்லெண்ணெயில் வதக்கிச் செய்திருந்தீர்கள். உங்கள் நாட்டில் பிள்ளை பெற்றவளுக்கு இதைத்தான் கொடுப்பார்கள், பிறகு அந்தப் பிள்ளையின் ஒவ்வொரு பிறந்தநாளிலும் குடிப்பார்கள் என்று வயிற்றைத் தொட்டுக் காட்டி விளக்கினீர்கள்.

"ஒவ்வொரு வருஷமும் நான் குடிக்கிறது. யோங்ஹோவுக்கு" என்றீர்கள்.

"அவன் இருக்கிறானோ எண்டு தெரியாமலே?"

"செத்த ஆளுக்கு வேற சாப்பாடு. அது நான் செய்யமாட்டன். என்ர கண் பாக்கேல்லை."

கடற்பாசி வழுவழுவென்று தொண்டைக்குள் நின்றது. எனக்குப் பிடிக்கவே இல்லை. சட்டியை வழித்துக் குடித்தேன். நீங்கள் என் முகத்தைப் பார்த்து, "டேஸ்ட் மாஃபி" என்று சிரித்தீர்கள். அந்த வருடத்தில் நான் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

பேந்து உங்களுக்கு ஒரு பொல்லாத வருத்தம் வந்து, படுக்கையில் விழுந்தீர்கள். கெதியாக முடிந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்து ஏதோ நீளமாகச் சொன்னீர்கள். கொரிய மொழியில். நான் எல்லாவற்றுக்கும் ஓம் ஓம் என்றேன். என்ன கேட்டீர்களோ, எதற்கு ஓம் என்றேனோ?

உங்களைப் பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்ப முன்னர், அதே மெஸ் ஹோலில் ஜெபம் வைத்தார்கள். ஒரு இன்ஜினியர் வேதப் புத்தகத்தோடு எழும்பி, கொரிய மொழியில் சொல்லிவிட்டு, எங்களுக்காக இங்கிலீசிலும் சொன்னார். கணவரையும் ஒரே பிள்ளையான மகளையும் விட்டுப் போனாராம். ஒரே பிள்ளை. நான் வாணியிடம் திரும்பிக் கேட்டேன். "ஓம் அம்மா, ஒன்லி சைல்ட் எண்டுதான் சொன்னவர்" என்றாள். யோங்ஹோவின் பெயரைச் சொல்லி நாங்கள் ஐந்து வருடம் கூப்பிட்ட பெண், ஒரு நிமிட ஜெபத்தில் அவனுக்குத் தாய் இல்லாமல் போனார்.

முடிந்ததும் உங்கள் கணவரிடம் போனேன். எனக்குத் தெரிந்த இங்கிலீசில், "மிஸ்டர் ஹான், யோங்ஹோ?" என்றேன். அவர் கையிலிருந்த கறுப்பு டையைச் சுருட்டினார், திரும்ப விரித்தார், திரும்பச் சுருட்டினார்.

"வார், மேடம். லோங் டைம். கலாஸ்" என்றார்.

அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவருக்கும் அவன் மகன்தான் என்று தெரியும். தெரிந்தும் மன்னிக்கவில்லை.

இனி உங்கள் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். போன மாதம் சுன்ஹீ அமெரிக்காவிலிருந்து வந்தாள், தகப்பனைக் கூட்டிப்போக. கொன்ட்ராக்ட் முடிந்துவிட்டது. நெற்றி அப்படியே உங்களுடையது. ஒரு சின்ன டேப் ரெக்கோடரை என் மேசையில் வைத்தாள். வாணிதான் நடுவிலிருந்து மொழிபெயர்த்தாள். இங்கிலீசு என்றால் அவளுக்குத் தண்ணி பட்டபாடு, தமிழ்தான் தடக்கும்.

சுன்ஹீ ஒரு நாவல் எழுதுகிறாளாம். சரித்திர நாவல். யப்பான்காரர் உங்கள் நாட்டை ஆண்ட காலத்தில் தொடங்கி, சண்டை, கப்பல், பிறகு கடல் தாண்டி இன்னொரு நாட்டில் போய் யார் நீ என்று கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்லத் தெரியாமல் வாழ்கிறது வரைக்கும். நீங்கள்தான் கதாநாயகி. அம்மா உங்களிடம் என்ன சொன்னா என்று கேட்டாள். சுளகு, மிளகு, மூன்று விரல் எல்லாவற்றையும் சொன்னேன். அண்ணா வடக்கில் நின்றுவிட்டான் என்பதற்கு மேல் அவளிடம் நீங்கள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஏன்?

எல்லாம் சொல்லி முடித்து, "கதை எப்பிடி முடியுது?" என்று கேட்டேன்.

வாணி கேட்டுச் சொன்னாள். "கடைசியில அந்த அண்ணா வாறாராம் அம்மா. ஏர்போர்ட்டுக்கு. தாயும் மகனும் கட்டிப்பிடிக்கினமாம்."

"ஆர் வந்தது?"

"ஒருத்தரும் வரேல்லை. கதையில."

"பொய் எண்டு சொல்லு."

"அப்பிடிச் சொல்லேலாது அம்மா. வீட்டுக்கு வந்த ஆள்."

"நான் சொன்னதாச் சொல்லு. அவவின்ர தாய் முப்பத்தைஞ்சு வருஷம் பொறுத்துக்கொண்டு இருந்ததை வாசிக்கிறவை ஒரு பின்னேரம் பொறுக்கமாட்டினமோ எண்டு கேள்."

வாணி எதைச் சொன்னாளோ, சுன்ஹீ டேப்பை நிறுத்தினாள். பேந்து மெதுவாக, என்னைப் பார்க்காமல் சொன்னாள். வாணி ஒவ்வொரு வசனமாகத் தமிழில் வைத்தாள்.

"முதுகில இருந்தது நான். அம்மா சுமந்துகொண்டு வந்தது என்னை. ஆனால் ஊரில ஆரும் அம்மாவைச் சுன்ஹீ அம்மா எண்டு கூப்பிட்டதில்லை. கூப்பிட்டால் அம்மா திரும்பிப் பாக்கமாட்டா. அண்ணா வந்தால்தான் அம்மா என்னைப் பாப்பா எண்டு சின்ன வயசில நினைச்சனான். அதாலதான்... அதாலதான் கதையில வரப்பண்ணுறன்."

அதோடு வாணி நிறுத்தினாள். தண்ணி கொண்டுவாறன் என்று குசினிக்குள் போனவள் கனநேரம் வரவில்லை. நான் எழும்பிப் போய்ப் பார்த்தேன். குழாயைத் திறந்துவிட்டு, கோப்பையைப் பிடிக்காமல் நின்றாள்.

யோங்ஹோ அம்மா, இது உங்களுக்குத் தெரியுமா? தெரிந்துதான் அந்தப் பெயரைப் பிடித்துக்கொண்டிருந்தீர்களா? பெயரையும் விட்டால் அவனுக்கு வேறொன்றும் இல்லை என்று நினைத்தீர்களா? உங்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. என் வீட்டுக் குழாயடியில் நின்றவள் யார் என்று எனக்குத் தெரியும்.

போகும்போது சுன்ஹீ, வேறு எப்படி முடிக்கலாம் என்று கேட்டாள். எனக்கு நாவல் எழுதத் தெரியாது என்றேன். தாய் அட்டைகளை வாசித்துக்கொண்டிருக்கிற இடத்தில் மகள் வந்து பக்கத்தில் இருக்கலாம் என்றேன். அவள் அதை எழுதிக்கொண்டாள். அவள் தலையைத் தடவி, "சுன்ஹீ ஒம்மா சூப் நல்லாச் செய்வா" என்று இங்கிலீசில் சொன்னேன். அந்தப் பெயரை இந்த வீட்டில் சொன்ன முதல் ஆள் நான். அவள் வாசலில் செருப்பைப் போட முடியாமல் நின்றாள்.

அதற்குப் பின்னால்தான் இவர் கதவடியில் நின்று அந்தியேட்டிக் கதையைச் சொன்னது. இரண்டு வாரமாக வீட்டில் அதே கதை. நேற்று நான் முடிவைச் சொன்னேன்.

"நான் ஊருக்குப் போறன்."

"விசரே உமக்கு? அங்க போய் என்ன செய்யப்போறீர்?"

"தேடப்போறன். இந்தியாவோட ஒப்பந்தம் முடிஞ்சு தடுப்பு முகாமிலை இருந்த பெடியளை விடுகினமாம். ஒவ்வொரு இடமாக் கேக்கப்போறன்."

"அங்க இப்ப ஆரை நம்பிப் போறது? பஸ் ஒழுங்கா ஓடுதோ தெரியாது."

"உங்கட அக்கா ஐயருக்குச் சொல்லிவிடப் பஸ் ஓடுதெண்டால், எனக்கும் ஓடும்."

அவர் கதிரையில் இருந்தார். "நான் போயிருக்கவேணும். இரண்டு வருஷத்துக்கு முந்தியே நான் போயிருக்கவேணும்" என்றார். லீவு தரவில்லை, வேலை போய்விடும் என்று அப்போது சொன்ன காரணங்களை இப்போது சொல்லவில்லை. நானும் ஆறுதல் சொல்லவில்லை. எள்ளும் தண்ணீரும் இறைக்கிற நாளை நிறுத்தச் சொல்லி அக்காவுக்கு அவரே எழுதட்டும் என்றேன். எழுதினார். என் முன்னாலிருந்துதான் எழுதினார்.

மாமியாரின் சாவுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள்தான் பந்தம் பிடித்தார்களாம். குறையொன்றும் இல்லாமல் நடந்ததாம். குகனை விட்டுவிட்டு வந்த அன்றைக்கும் அந்தப் பிள்ளைகள் பக்கத்து வீட்டில்தானே இருந்தார்கள்?

வாணி என்னிடம் கேட்டது ஒன்றுதான். "எத்தினை நாளில வருவீங்கள்?"

நான் விரலைக் காட்டவில்லை. நாள் சொல்ல எனக்குப் பயம். "உன்னட்டை வருவன்" என்று மட்டும் சொன்னேன். அவள் அதை நம்பினாளா தெரியாது. இரவு முழுக்க என் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு படுத்தாள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை.

யோங்ஹோ அம்மா, உங்களுக்குப் பாதையே இருக்கவில்லை. எனக்கு ஒரு பாதை இருக்கிறது. அது கெட்ட பாதையாக இருக்கலாம். மூடின பாதை இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போகிறேன். ஒவ்வொரு முகாம் வாசலிலும் அவன் படத்தோடு நிற்பேன். என் கண்ணால் காணும்வரை அவனுக்குச் செத்தவர்களின் சாப்பாட்டைப் படைக்க யாரையும் விடமாட்டேன். கண்டாலும் காணாவிட்டாலும் திரும்பி வருவேன். ஒரு பிள்ளையை முதுகில் வைத்துக்கொண்டு முகத்தை மட்டும் பின்னால் விட்டுவிட்டு நடக்க மாட்டேன். இதை உங்களுக்குத்தான் சத்தியம் பண்ணித் தருகிறேன். வேறு யாருக்கும் இதன் பாரம் தெரியாது.

உங்கள் தங்கச்சி,
வாணிக்கும் குகனுக்கும் அம்மா
ராஸ் அல் கைமா, ஆவணி 1987